முடிவு தெரிந்தும் மூச்சு முட்டுவது ஏன்? மீட்புக் கதைகளில் பதற்றம் உருவாகும் விதம்

2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் போய் மாட்டிக்கொண்ட கால்பந்துக் குழுச் சிறுவர்கள் 12 பேரும் அவர்களுடைய பயிற்சியாளரும் உயிரோடு வெளியே வந்துவிட்டார்கள். உலகத்துக்கே தெரிந்த செய்தி இது. அந்த மீட்பைப் பற்றி எழுதப்பட்ட எதைக் கையில் எடுத்தாலும் முடிவு முன்னாலேயே தெரியும். இருந்தும், கலங்கல் நீருக்குள் ஒரு சிறுவனை இழுத்துக்கொண்டு வரும் முக்குளிப்பு வீரர் வழிகாட்டிக் கயிற்றைத் தவறவிடும் இடம் வந்தால் படிப்பவருக்கு நெஞ்சு படபடக்கிறது. பிழைத்துவிட்டான் என்று தெரிந்த பையனுக்காக ஏன் இந்தப் படபடப்பு?

ரிச்சர்ட் கெரிக் என்ற உளவியலாளர் 1989-இல் இதையொட்டிய ஆய்வு ஒன்றை வெளியிட்டார். ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்காவின் முதல் அதிபரானார் என்பது அவருடைய ஆய்வில் கலந்துகொண்டவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனால், அவர் அந்தப் பதவிக்கு வருவாரா மாட்டாரா என்று சந்தேகம் கிளப்பும் சிறு பத்தி ஒன்றைப் படிக்கவைத்துவிட்டு, 'அவர் அதிபரானார், சரியா, தவறா?' என்று கேட்டால் பதில் சொல்லச் சற்றுக் கூடுதல் நேரம் பிடித்தது. தெரிந்த உண்மை மறந்துபோகவில்லை. கதைக்குள் இருக்கிற நேரத்தில் அது கொஞ்சம் தள்ளிப்போய் நிற்கிறது, அவ்வளவுதான்.

ஆக, முடிவை மறைத்து வைப்பதால்தான் பதற்றம் வருகிறது என்ற நினைப்பு பாதிதான் சரி. ஆபத்தான மீட்பைச் சொல்லும் கதையில் 'பிழைப்பார்களா' என்ற பெரிய கேள்வி பின்னால் ஓர் இரைச்சலாக ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தைப் புரட்ட வைப்பவை சின்னக் கேள்விகள். சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்று அடுத்த திருப்பம் வரை வருமா? கயிறு இரண்டு பேர் எடையைத் தாங்குமா? தண்ணீர் இன்னும் ஒரு முழம் ஏறினால் அந்தப் பாறைத் திட்டில் உட்கார இடம் இருக்குமா? வாசகர் இப்படித் தானாகவே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டால் எழுத்தாளரின் வேலை பாதி முடிந்தது. கணக்குக்கு வேண்டிய அளவுகளை முதலில் கொடுப்பது, அப்புறம் அவற்றை ஒவ்வொன்றாகக் குறைப்பது. இந்த வகைக் கதையின் அடிப்படை வேலை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்ற உத்திகள் எல்லாம் இதைச் சுற்றி வருபவை.

அதனால்தான் நல்ல மீட்புக் கதைகள் விபத்தில் தொடங்கினாலும் சீக்கிரமே இடத்தை விளக்கத் திரும்பிவிடுகின்றன. தாம் லுவாங்கையே எடுத்துக்கொள்வோம். சிறுவர்கள் ஒதுங்கியிருந்த திட்டு குகை வாயிலிலிருந்து சுமார் 4 கி.மீ. உள்ளே இருந்தது. நடுவில் நீர் நிரம்பிய பாதைகள். மிகக் குறுகலான இடத்தில் இடைவெளி 38 செ.மீ. அளவுதான் என்று அப்போதைய செய்திகள் சொல்லின. சேற்று நீரில் நீட்டிய கைகூடத் தெரியாது. பழகிய வீரர்களுக்கே போய்த் திரும்ப 11 மணி நேரம் வரை ஆனது. சிறுவர்களில் இளையவனுக்கு 11 வயது. இவ்வளவையும் சொல்லிவிட்ட பிறகு 'ஆபத்து' என்ற சொல்லை எழுதவே வேண்டாம். 38 செ.மீ. என்று படித்ததுமே வாசகர் தன் தோளின் அகலத்தை ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொள்கிறார்.

எதை எப்போது சொல்கிறோம் என்பதும் முக்கியம். கயிறு அறுந்துகொண்டிருக்கும்போது அது எந்தக் கம்பத்தில், எந்த முடிச்சில் கட்டப்பட்டது என்று ஒரு பத்தி விளக்கம் வந்தால் பதற்றம் அங்கேயே செத்துவிடும். அந்த விளக்கம் நாலு பக்கம் முன்னாலேயே, யாரும் அவசரப்படாத நேரத்தில், கருவிகளைச் சரிபார்க்கும்போதோ இரண்டு பேர் வாக்குவாதம் செய்யும்போதோ போகிற போக்கில் வந்திருக்க வேண்டும். அதே சமயம் எல்லா அளவுகளையும் கொட்டிவிடவும் கூடாது. பின்னால் மாறப்போகிற அளவுகள் மட்டும் போதும். கடைசி வரை அப்படியே இருக்கப்போகிற எண்ணை வாசகர் எதற்காகச் சுமக்க வேண்டும்?

மாறுகிற அளவுகளில் முதலில் நினைவுக்கு வருவது நேரம். மீட்புக் கதைக்குக் கெடு வேண்டும் என்பது பழைய பாடம். கம்பனின் சுந்தர காண்டத்தில் அனுமனிடம் சீதை, இன்னும் ஒரு திங்கள்தான் இருப்பேன், அதற்குப் பிறகு உயிரைப் பிடித்து வைத்திருக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்புகிறாள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் கடலைக் கடப்பதும் படை திரட்டுவதும் வெறும் போர் ஏற்பாடுகளாக இல்லை. ஒவ்வொன்றுக்கும் நாள் செலவாகிறது. ஆனால் கெடுவிலும் ரகங்கள் உண்டு. 'விடிவதற்குள் மீட்காவிட்டால் எல்லாம் முடிந்தது' என்பது சோம்பேறிக் கெடு. ஏன் விடிவதற்குள்? எழுத்தாளர் அப்படி வைத்தார், அதனால். கதையின் பொருள்களிலிருந்தே பிறக்கும் கெடுதான் நிற்கும். தாம் லுவாங்கில் காற்றில் ஆக்சிஜன் 15 சதவீதமாக இறங்கியது. வழக்கமான அளவு 21. வெளியே பருவமழை மறுபடி பிடிக்கப்போகிறது என்ற முன்னறிவிப்பு. யாரும் மணி குறிக்கவில்லை, ஆனாலும் இரண்டு கெடு ஓடுகின்றன.

அப்போலோ 13 கதையில் இது இன்னும் வெளிப்படை. 1970 ஏப்ரலில் நிலவுக்குப் போகும் வழியில் ஆக்சிஜன் தொட்டி வெடித்த பிறகு மூன்று விண்வெளி வீரர்களும் நிலவில் இறங்குவதற்கான சிறு கலத்துக்குள் ஒதுங்கினார்கள். அந்தக் கலம் இரண்டு பேருக்கு, ஏறக்குறைய இரண்டு நாளுக்காகச் செய்யப்பட்டது. இப்போது மூன்று பேர், கிட்டத்தட்ட நான்கு நாள். இந்த வகுத்தலைப் பள்ளிப் பிள்ளையும் போட்டுவிடும். விடைதான் பயமுறுத்துகிறது. அதிலும் ஆளைக் கொல்லப் பார்த்தது அவர்களே வெளியேவிட்ட மூச்சு. அவர்கள் மூச்சு விட விடக் கரியமில வாயு சேர்கிறது. அதை உறிஞ்சும் வடிகட்டிகள் தீர்கின்றன. தாய்க்கலத்தில் உள்ள வடிகட்டிகள் சதுரம், சிறு கலத்தில் அவற்றுக்கான துளை வட்டம். பிளாஸ்டிக் பை, அட்டை, உடையிலிருந்து கழற்றிய குழாய், ஒட்டும் பட்டை ஆகியவற்றை வைத்து அந்த இரண்டையும் பொருத்தினார்கள். விண்வெளிப் பயணம் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் சதுரம் வட்டத்துக்குள் போகாது என்பது புரியும். சிக்கலை இந்த அளவுக்கு எளிமையாகக் காட்ட முடிந்தால் போதும், வர்ணனை தேவையில்லை.

நேரம் குறைகிறதே என்று எல்லோரையும் ஓடவிடுவது அடுத்த தவறு. பனிச்சரிவில் புதைந்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்துவிட்டால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரத்தைத் தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைத்தாலே அதிகம். பிழைக்கும் வாய்ப்பு இவ்வளவு செங்குத்தாகச் சரிவது வேறெங்கும் அபூர்வம். ஆனால் தேடுபவர்கள் என்ன செய்கிறார்கள்? வரிசையாக நின்று, நீண்ட கம்பியைப் பனிக்குள் இறக்கி, எடுத்து, ஓர் அடி நகர்ந்து, மறுபடி இறக்குகிறார்கள். ஓடித் தேடினால் ஆள் கிடக்கும் இடத்தைத் தாண்டிப் போய்விடுவோம் என்பது அவர்களுக்குத் தெரியும். நேரம் ஓடுகிறது, கை நிதானமாக நகர்கிறது. இந்த முரண்தான் படிப்பவரைத் துடிக்க வைக்கிறது. கத்திக்கொண்டு ஓடும் மீட்பாளரைவிட, பற்களைக் கடித்துக்கொண்டு மெதுவாக நடக்கும் மீட்பாளர் பல மடங்கு பதற்றம் தருகிறார்.

இந்த இடத்தில் எழுத்தாளருக்குத் தொழில் அறிவு கைகொடுக்கும். மீட்புப் பணியில் இருப்பவர்களுக்குத் தெரிந்த, நமக்குத் தெரியாத ஒன்று உண்டு: பல நேரம் ஆளைக் கொல்வது மீட்கும் செயலேதான்.

கட்டட இடிபாட்டில் பல மணி நேரம் கால் நசுங்கிக் கிடப்பவர் பேசிக்கொண்டிருப்பார், தண்ணீர்கூடக் கேட்பார். கல்லைத் தூக்கி அவரை விடுவித்ததும் இதயம் நின்றுபோகலாம். நசுங்கிய தசைகளில் தேங்கிய பொட்டாசியம் முதலானவை, ரத்தம் திரும்ப ஓடத் தொடங்கியதும் உடம்பு முழுக்கப் பரவுவதுதான் காரணம். இரண்டாம் உலகப் போரில் லண்டன் மேல் குண்டு விழுந்தபோது, இடிபாட்டிலிருந்து நல்லபடியாக மீட்கப்பட்டவர்கள் சில நாளில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததைக் கவனித்து 1941-இல் மருத்துவர்கள் விரிவாகப் பதிவு செய்தார்கள். அதனால் இன்றைக்குக் கல்லைத் தூக்கும் முன்பே நரம்பில் சலைன் ஏற்றத் தொடங்குகிறார்கள். குளிர்ந்த கடலில் மிதந்தவர் கப்பலைக் கண்டு கையசைப்பார். செங்குத்தாக மேலே தூக்கும்போது ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழுவார். அதனால்தான் முடிந்தவரை படுக்கை வசத்தில் தூக்குகிறார்கள். நீரில் மூழ்குபவர் காப்பாற்ற வந்தவரின் தோளில் ஏறி அவரையும் அமுக்கிவிடுவார். ஆகவே கழியை நீட்டு, கயிற்றை வீசு, படகில் போ, எதுவும் முடியாவிட்டால்தான் நீரில் இறங்கு என்பது பயிற்சியின் பாலபாடம்.

இவை வெறும் தகவல்களாகக் கதையில் வந்தால் பாடப்புத்தகம் மாதிரி இருக்கும். ஆனால் இவற்றில் ஒன்றை வாசகர் முன்பே தெரிந்துகொண்டுவிட்டால், 'கல்லைத் தூக்குங்கப்பா, பாவம் வலிக்குது' என்று பக்கத்தில் நிற்பவர் கத்தும்போது வாசகருக்கு வயிறு கலங்கும். நல்லெண்ணம்தான் இப்போது கதையின் வில்லன்.

இதை எழுத்தில் வைத்துப் பார்ப்போம். முதலில் வழக்கமான ஒரு வடிவம்:

'திடீரென்று பயங்கரச் சத்தத்துடன் கூரை சரிந்தது. அவள் குனிந்தாள். ஒரு கல் உரசிக்கொண்டு போனது. மறுபடியும் சத்தம்! "சீக்கிரம் வா!" என்று யாரோ அலறினார்கள். அவள் இதயம் வேகமாக அடித்துக்கொண்டது.'

இனி அதே காட்சி, வேறு விதமாக:

'முட்டுக்கொடுத்திருந்த கட்டையில் ஒரு கீறல் இருந்தது. உள்ளே நுழையும்போதே அவள் அதைப் பார்த்துவிட்டாள், நகத்தின் அளவுதான். பெரியவரின் கையில் ஊசியைச் செருகிச் சலைன் பையைத் தூக்கிப் பிடித்தாள். பை கால்வாசி இறங்குவதற்குள் கீறல் விரல் நீளத்துக்கு வந்திருந்தது. பாதியாவது இறங்காமல் காலை விடுவிக்கக் கூடாது. அவள் பையைப் பார்த்தாள். கட்டையைப் பார்த்தாள். "ஐயா, பேரன் என்ன படிக்கிறான்?" என்று கேட்டாள்.'

முதல் வடிவத்தில் நிறைய நடக்கிறது. வாசகருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. இரண்டாவதில் எதுவும் விழவில்லை. ஆனால் இறங்க வேண்டிய ஒன்றும் வளரக் கூடாத ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, எது முந்தும் என்று வாசகர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவளுக்குப் பயம் என்று எங்கேயும் சொல்லவில்லை. பேரனைப் பற்றி அவள் கேட்பதே அதைச் சொல்லிவிடுகிறது.

பதற்றமான காட்சிக்குச் சின்னச் சின்ன வாக்கியமாக எழுது என்ற அறிவுரையை எல்லா எழுத்துப் பட்டறைகளிலும் சொல்கிறார்கள். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. சின்ன வாக்கியம் அதிர்ச்சிக்குப் பொருந்தும்: கயிறு அறுந்தது, விளக்கு அணைந்தது. காத்திருப்புக்கு நீளமான வாக்கியம்தான் கைகொடுக்கும். குறுகிய பாதையில் ஒருவன் நெளிந்து போகிறான் என்றால் வாக்கியமும் முற்றுப்புள்ளி தராமல் அவனோடு நெளிந்து போகலாமே. வாசகர் மூச்சு விட இடம் தேடட்டும். தமிழில் இதற்கு வசதி அதிகம். வினையெச்சங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போய், பிடித்தானா விட்டானா என்ற முற்றுவினையைக் கடைசிச் சொல்லாக வைக்க முடியும். அதுவரை வாசகர் தொங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நேரத்தைக் கையாளுவதும் இப்படித்தான். எட்டு மணி நேரப் பயணத்தை ஒரு வரியில் கடந்துவிட்டு, முடிச்சை அவிழ்க்கும் பத்து விநாடிக்கு ஒரு பக்கம் கொடுக்கலாம்.

அடுத்தது தடைகள். மீட்புக் கதை என்றால் தடை மேல் தடை வரும். வரும் தடைகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றனவா, அல்லது எழுத்தாளர் பையிலிருந்து எடுத்து எடுத்துப் போடுகிறாரா என்பதில்தான் தரம் தெரியும். 'அப்புறம் பாம்பு வந்தது, அப்புறம் மழை வந்தது, அப்புறம் பாலம் உடைந்தது' என்று போனால் மூன்றாவது தடைக்கே சலிப்பு தட்டும். 'அதனால்' என்று கோக்க முடிந்தால் கதை இறுகும். உத்தரகண்டில் 2023 நவம்பர் 12 அன்று சில்க்யாரா சுரங்கப்பாதை சரிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே மாட்டிக்கொண்ட சம்பவத்தைப் பாருங்கள். இடிபாட்டை ஊடுருவிக் குழாய் செருக வேண்டும். அதனால் பெரிய துளையிடும் இயந்திரம் வந்தது. பாதைக்கு வலுவூட்டியிருந்த இரும்பும் அந்த இடிபாட்டுக்குள்ளேதான் கிடந்தது. அதனால் இயந்திரம் அதில் சிக்கி உடைந்தது. உடைந்த திருகுத் தண்டு குழாய்க்குள்ளேயே மாட்டிக்கொண்டது. அதனால் அதை வெட்டி எடுக்கும்வரை வேறு எதுவும் செய்ய முடியவில்லை. ஏறக்குறைய 47 மீட்டர் முன்னேறிய பிறகு, கடைசிப் பத்துப் பன்னிரண்டு மீட்டரை எலிவளை மாதிரிக் குறுகிய சுரங்கம் தோண்டிப் பழகிய தொழிலாளர்கள் கையால் தோண்டினார்கள். நவம்பர் 28 அன்று 41 பேரும் வெளியே வந்தார்கள். இதில் எந்தத் தடையையும் எடுத்துவிட்டால் அடுத்தது நிற்காது. கற்பனைக் கதை எழுதுபவர்கள் தங்கள் கதையை இந்தச் சோதனைக்கு உட்படுத்திப் பார்க்கலாம்.

இன்னும் கூர்மையானது, எந்த வழியை எடுத்தாலும் விலை கொடுக்க வேண்டும் என்ற நிலை. தாம் லுவாங்கில் மலை மேலிருந்து துளையிடுவதையும், மழைக்காலம் முடியும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பதையும், சிறுவர்களுக்கு முக்குளிக்கக் கற்றுத்தருவதையும் யோசித்தார்கள். கடைசியில் எடுத்த முடிவு, சிறுவர்களை மயக்க நிலையில் முகக்கவசம் மாட்டி நீருக்கடியில் இழுத்து வருவது. விழித்திருந்தால் பீதியில் திமிறுவான், தானும் இறந்து இழுப்பவரையும் கொன்றுவிடுவான். மயக்கத்தில் இருந்தால் கவசத்துக்குள் நீர் புகுந்தாலும் அவனுக்குத் தெரியாது. மருந்தின் வேகம் வழியிலேயே குறையும் என்பதால், மருத்துவர் அல்லாத வீரர்களே நடுவழியில் மறுபடி ஊசி போட வேண்டியிருந்தது. மருந்து கொடுத்த ஆஸ்திரேலிய மயக்கவியல் மருத்துவரான ரிச்சர்ட் ஹாரிஸ், இது பலிக்கும் என்று தானே நம்பவில்லை என்று பிற்பாடு பேட்டிகளில் சொன்னார். ஒரு நாவலாசிரியர் இப்படி ஒரு திட்டத்தைக் கற்பனை செய்திருந்தால் பதிப்பாசிரியர் நம்ப மறுத்திருப்பார். அந்தக் காட்சியைப் பதற்றமாக்குவது நீரின் ஆழம் அல்ல. சிறுவனின் கண் மூடும் நொடியில், இனி அவன் உயிருக்கு நான்தான் பொறுப்பு என்று ஒரு மனிதர் உணர்வதுதான்.

சரி, இதையெல்லாம் யார் கண் வழியாகச் சொல்வது? உள்ளே மாட்டிக்கொண்டவரா, வெளியே முயல்பவரா? இரண்டிலும் தெரியாமை வேறு வேறு விதம். சிலி நாட்டின் சான் ஹோசே சுரங்கம் 2010 ஆகஸ்ட் 5 அன்று சரிந்தபோது, சுமார் 700 மீட்டர் ஆழத்தில் 33 பேர் இருந்தார்கள். 17 நாள் எந்தத் தொடர்பும் இல்லை. வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்பதே தெரியாது. துளையிடுவது ஒரு நம்பிக்கையில்தான். உள்ளே இருப்பவர்களுக்கோ துளையிடும் சத்தம் கேட்கிறது. நெருங்கி வருகிறது, பக்கத்தில் வந்து, விலகிக் கீழே போய்விடுகிறது. இரண்டு நாளுக்கென்று வைத்திருந்த உணவை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு கரண்டி மீன் என்று பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கதை வெளியே மட்டும் இருந்தால் அந்தச் சத்தம் நமக்குக் கிடைக்காது. உள்ளே மட்டும் இருந்தால், எந்தக் கோணத்தில் துளையிடுவது என்று மேலே தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் கிடைக்க மாட்டார்கள். மாறி மாறிச் சொல்லும்போது வாசகருக்கு மட்டும் இரண்டும் தெரிகிறது. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், இடப்பக்கம் என்று அவர் மனசுக்குள் கத்துகிறார். கதைக்குள் யாருக்கும் அது கேட்காது.

காத்திருப்பை எழுதுவது ஓடுவதை எழுதுவதைவிடக் கடினம். ஷாக்கிள்டனின் அண்டார்டிகப் பயணத்தில் கப்பல் பனியில் நொறுங்கிய பிறகு, 22 பேரை எலிஃபண்ட் தீவில் விட்டுவிட்டு அவர் சிறு படகில் உதவி தேடிக் கிளம்பினார். அவர் கடலைக் கடந்தது பெரும் சாகசமாக எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிடச் சுவாரசியமானது தீவில் நடந்தது. பொறுப்பிலிருந்த ஃபிராங்க் வைல்ட், இன்றைக்கு வந்துவிடலாம், மூட்டையைக் கட்டுங்கள் என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். மாதங்கள் போயின. ஷாக்கிள்டன் மூன்று முறை முயன்று பனியால் திரும்பி, நான்காவது முறை 1916 ஆகஸ்ட் 30 அன்றுதான் தீவை அடைந்தார். ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்போது அதன் எடை மாறுகிறது. முதல் வாரத்தில் நம்பிக்கை, அப்புறம் வழக்கம், அதற்கும் அப்புறம் கிட்டத்தட்ட கேலி. நிகழ்ச்சியே இல்லாத இடத்தில் பதற்றத்தை நகர்த்த இப்படித் திரும்ப வரும் சொல்லோ செயலோ ஒன்று போதும்.

உள்ளும் வெளியுமாக மாறி மாறிச் சொல்வதில் ஒரு மோசடியும் நடக்கிறது. கதவு திறக்கும் நொடியில் அத்தியாயத்தை வெட்டி, வேறு இடத்துக்குப் போய், முப்பது பக்கம் கழித்துத் திரும்பினால் கதவைத் திறந்தது நண்பன். இதை இரண்டு முறை செய்தால் மூன்றாவது முறை வாசகர் பயப்பட மாட்டார். கதை சொல்லும் பாத்திரத்துக்குத் தெரிந்ததை வாசகரிடம் மட்டும் ஒளிப்பதும் இந்த ரகம்தான். பாத்திரத்துக்கும் தெரியாது, வாசகருக்கும் தெரியாது என்றால் நியாயம். பாத்திரத்துக்குத் தெரியாது, வாசகருக்குத் தெரியும் என்றால் இன்னும் நல்லது.

மீட்கப்படுபவர்களைப் பார்சல் மாதிரி நடத்தும் கதைகள் ஏராளம். ஒரு மூலையில் கட்டிப்போட்டோ புதைத்தோ வைத்துவிட்டு, கதை முழுக்க நாயகன் பின்னாலேயே ஓடுவது. அவர்களுக்கும் ஒரு விருப்பம் இருந்தால், அதுவும் மீட்பவரின் விருப்பத்தோடு மோதினால், புதிதாக ஒரு முடிச்சு விழும். மறுபடியும் சுந்தர காண்டம்தான். என் தோளில் ஏறிக்கொள்ளுங்கள், இப்போதே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன் என்கிறான் அனுமன். சீதை மறுக்கிறாள். மீட்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது மீட்கப்பட வேண்டியவளே வேண்டாம் என்கிறாள். யார் முதலில் போவது என்ற கேள்வியும் இப்படிப் பயன்படும். சிலியில் ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய குறுகிய கூண்டில் ஏற்றியபோது, வழியில் கோளாறு வந்தால் சமாளிக்கக்கூடிய திடமானவர்களை முதலில் அனுப்பினார்கள், பலவீனமானவர்கள் அதற்கடுத்து, அந்த ஷிப்டின் பொறுப்பாளர் கடைசி. பலவீனமானவரை முதலில் காப்பாற்றுவதுதானே நியாயம் என்று வாசகருக்குச் சட்டென்று தோன்றும். அந்த இடத்தில் இரண்டு பாத்திரங்களை வாதாட விட்டால் ஒரு நல்ல காட்சி தயார்.

சாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தாம் லுவாங்கில் ஜூலை 6 அன்று, உள்ளே காற்றுச் சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பும்போது சமன் குனன் என்ற முன்னாள் கடற்படை வீரர் இறந்தார். சிறுவர்களை வெளியே கொண்டுவரும் பணி ஜூலை 8-இல்தான் தொடங்கியது. பயிற்சி பெற்றவருக்கே இந்தக் கதி என்றால் குழந்தைகளுக்கு என்ற நினைப்பு அதற்குப் பிந்தைய ஒவ்வொரு பக்கத்திலும் ஒட்டிக்கொள்கிறது. கற்பனைக் கதையிலும் இந்த இடத்தில் ஒரு சாவு வைப்பது வழக்கமாகிவிட்டது. இளகிய மனசுள்ள, கல்யாணம் நிச்சயமான துணைப்பாத்திரத்தைப் பார்த்ததுமே இவன் போய்விடுவான் என்று வாசகர் சொல்லிவிடுகிறார். சாவு பதற்றம் தர வேண்டுமானால், இறந்தவர் செய்துகொண்டிருந்த வேலை பாதியில் நிற்க வேண்டும், அதை வேறொருவர் தயக்கத்தோடு எடுத்துச் செய்ய வேண்டும். அழுவதற்கு மட்டும் பயன்படும் சாவு கதையை நகர்த்துவதில்லை.

நடுநடுவே இளைப்பாறல் தேவை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு நகைச்சுவை, ஒரு வாய்த் தேநீர். அதை நீட்டாமல் விட்டால் சரி.

முடிவுக்கு வருவோம். மீட்கப்பட்டவர் வெளியே வந்ததும் பதற்றம் தீர்ந்துவிடும் என்று வாசகர் எதிர்பார்ப்பார். தாம் லுவாங்கில் ஜூலை 10 அன்று கடைசிச் சிறுவனும் பயிற்சியாளரும் வந்தாயிற்று. அதற்குப் பிறகு நீரை இறைத்துக்கொண்டிருந்த முக்கியப் பம்பு நின்றுபோய், உள்ளே இருந்த மீட்புப் பணியாளர்கள் ஏறிவரும் நீருக்கு முன்னால் ஓடி வெளியேற வேண்டியதாயிற்று. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது, கணக்கில் சேர்க்க மறந்த ஒரு குழு இன்னும் உள்ளே இருந்தது. பம்புகள் ஓடுவதால்தான் நீர் அடங்கியிருக்கிறது என்று கதையின் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் இது ஏமாற்று இல்லை. கடைசியில் புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்தாக இருந்தால் ஏமாற்று.

தோற்றுப்போன மீட்புகளை எழுதுவதில் சிக்கல் வேறு. 2000 ஆகஸ்ட் 12 அன்று ரஷ்யாவின் கூர்ஸ்க் நீர்மூழ்கிக் கப்பல் உள்ளே வெடிப்புகள் நிகழ்ந்து மூழ்கி, அதிலிருந்த 118 பேரும் இறந்தார்கள். வெடிப்புகளுக்குப் பிறகும் 23 பேர் பின்பகுதி அறையில் உயிரோடு இருந்தார்கள் என்பது பின்னர் மீட்கப்பட்ட குறிப்பிலிருந்து தெரிந்தது. மீட்புக் குழு கடைசியில் வெளிக்கதவைத் திறந்தபோது உள்ளே நீர்தான் இருந்தது. இதை எழுதுபவர் அந்த 23 பேரின் முடிவை எந்தப் பக்கத்தில் சொல்வது? கடைசிவரை ஒளித்தால் உண்மையான சாவைத் திருப்பமாகப் பயன்படுத்திய குற்றம் வரும். முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டால், வெளியே நடக்கும் ஒவ்வொரு முயற்சியையும் அது வீண் என்று தெரிந்தே வாசகர் படிக்க வேண்டியிருக்கும். நான் எழுதினால் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுவேன். அந்த வாசிப்பில் 'பிழைப்பார்களா' என்ற கேள்விக்கு இடமில்லை. எந்த மணி நேரத்தில் என்ன செய்திருந்தால் என்று கடைசிவரை கணக்குப் போடாமல் இருக்கவும் முடியாது.